எங்கள் வீட்டில் இல்லாத கருப்புப் பசு

எனக்குக் கடல் கடந்து மாப்பிள்ளை வருவார் என்று தீர்க்கதரிசி சொன்ன அந்த நேரத்தில், மலையிலிருந்து இறங்கி வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவருடைய பின்கழுத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் கிறிஸ்தவ சபை சின்னது. தகரக் கூரை, தரையில் பாய். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு ஆள் நடக்க வழி. அந்த வழியில் நின்றுதான் தீர்க்கதரிசி கண்ணை மூடிக் கையை நீட்டி, "பச்சைச் சேலை உடுத்திய சகோதரி எழுந்து நிற்கட்டும்" என்றார். பச்சைச் சேலையில் இரண்டு பேர் இருந்தோம். இன்னொருவர் பேரன் பேத்தி எடுத்தவர். அவர்தான் முதலில் எழுந்தார். தீர்க்கதரிசி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "இளைய சகோதரி" என்று திருத்திக்கொண்டார்.

நான் எழுந்தேன்.

"மகளே, உன் காத்திருப்பைக் கர்த்தர் கண்டார். சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து ஒரு வாலிபனைக் கொண்டுவருகிறார். விமானத்தின் இரைச்சல் இதோ என் காதில் கேட்கிறது!"

எனக்கும் ஓர் இரைச்சல் கேட்டது. வெளியே கரும்பு ஏற்றிய டிராக்டர் மேட்டில் ஏற முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. சபை முழுவதும் ஆமென் சொன்னது. அந்தப் பின்கழுத்து ஒரு தடவை திரும்பியது. காது இரண்டும் சிவந்திருந்தன. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த அத்தை என்னைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, கள்ளக்குறிச்சியில் மாடி வீட்டில் தனியாக இருந்தார். அந்தத் தீர்க்கதரிசியை எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். வெள்ளை ஜிப்பா, வெள்ளைச் செருப்பு, வெள்ளைக் கார் என்று வரும் அந்த மனிதர், எங்கள் வட்டாரத்தில் கூட்டம் நடத்தும்போதெல்லாம் அத்தை வீட்டில்தான் சாப்பிடுவார், அத்தை வீட்டில்தான் தங்குவார்.

அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். அம்மா வேறு ரகம். வேதாகமத்தை ஆதியாகமத்தில் தொடங்கி, வெளிப்படுத்தலில் முடித்து, கடைசியில் ஒட்டியிருக்கும் வரைபடங்களையும் பார்த்துவிட்டு மூடுவார்; மறுநாள் காலையில் மறுபடி ஆதியாகமம். பிரசங்கம் செய்கிறவர் வசனத்தைப் பிசகிச் சொன்னால் அம்மாவின் உதடு மட்டும் அசையும், சரியானதைச் சொல்லிக்கொள்ளும்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அம்மாவிடம் கேட்டேன். "இன்னாம்மா, நீ ஒண்ணுமே சொல்லல?"

"வேதத்துல யோனாவ மீனு முழுங்கிக் கொண்டாந்து கரையில வுட்டுச்சு," என்றார் அம்மா. "உன் மாப்ள எதுல வராருன்னு பாப்போம்."

இனி பின்கழுத்துக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மருந்தாளுநர் படிப்பு முடித்து, பஸ் நிலையத்தை ஒட்டிய மெடிக்கலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குக் கொஞ்சம் தள்ளி, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளியில் வாத்தியார். சொந்த ஊர் திருக்கோவிலூர் பக்கம். எங்கள் காதல் தொடங்கியது சொறி மருந்தில். விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சொறி வந்துவிட்டதென்று, பைக்கில் இறங்கி வந்து கடையிலிருந்த லோஷனை மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவ வேண்டும், துணியை வெந்நீரில் அலச வேண்டும் என்று நான் சொன்னதையெல்லாம் பாடம் கேட்கும் பிள்ளை மாதிரி கேட்டார். அடுத்த சனிக்கிழமை சொறி போய்விட்டது என்று சொல்வதற்காகவே வந்தார். அதற்கு அடுத்த சனிக்கிழமை பிளாஸ்திரிக்கு. பிறகு சனிக்கிழமை என்றாலே வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எங்கள் சபைக்கே வரத் தொடங்கினார்.

வாங்குவதற்கு எதுவும் இல்லாமல் போனபோது ஒருநாள், "மேடம், கொசுவத்தி இருக்குங்களா?" என்றார்.

"மலையில கொசு ஜாஸ்திங்களா?"

"இல்லீங்க, கம்மிதான்."

"அப்ப எதுக்குங்க?"

"ஜாஸ்தி ஆனா வேணும்ல."

இப்படிப்பட்டவர், தீர்க்கதரிசனத்துக்கு அடுத்த சனிக்கிழமை கடைக்கு வந்து, கண்ணாடிப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் உள்ளே மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கடல் தாண்டி வராராமே," என்றார் மெதுவாக.

"ஆமாங்க. ஏரோப்ளேன் சத்தமே கேட்டுடுச்சு."

"நான் கோமுகி டேமத் தாண்டித்தாங்க வரேன்." என்றார். "தண்ணி தண்ணிதான?"

கால் தரையில் இல்லை. அவருக்கென்று எடுத்து வைத்திருந்த கொசுவத்திப் பெட்டியைக் கவரில் போட்டு அவரிடம் நீட்டி, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றேன். அவரும் "சரிங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். பைக் பஸ் நிலையத்தைத் தாண்டிய பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. உள்ளேயிருந்து கடைக்காரர், "கொசுவத்தியவா?" என்று கேட்டார்.

அன்றைக்கெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தேன். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தவர்கள்கூட என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் வீட்டில் அத்தையின் போன் வந்துகொண்டே இருந்தது. வெளிநாட்டு வரன் ஏதாவது வந்ததா, பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா, தீர்க்கதரிசி ஐயா வாயிலிருந்து வந்தது தரையில் விழாது. அப்பா "சரிக்கா, சரிக்கா" என்பார். என்னைப் பார்த்து, "பாஸ்போர்ட்டுக்கு இன்னா பாப்பா வேணும்?" என்பார்.

இந்தச் சமயத்தில்தான் கள்ளக்குறிச்சியில் மொத்த விலைக் கடைக்குப் போய் மருந்துக்கு ஆர்டர் சொல்லிவிட்டு, சாயங்காலம் டவுன் பஸ்ஸில் திரும்பினேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் போனில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள். "ஆமாண்டி, கடலுக்கு அந்தாண்டருந்து வராராம். அவரு காதுல ஏரோப்ளேன் சத்தமே கேட்டுச்சாம்டி!"

நான் திரும்பினேன். "யம்மா, உனக்கு எந்த ஊர்ல சொன்னாரு?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். "நைனார்பாளையத்துல. ஏங்க்கா?"

"எனக்கு கச்சிராயபாளையத்துல சொன்னாரு."

ஜன்னலோரம் சுடிதாரில் நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி தலையைத் திருப்பினாள். "வெள்ளச் செருப்பு போட்டவரா? எனக்கு சின்னசேலத்துல. ஆனா எனக்கு ஏரோப்ளேன் இல்ல, கப்பல் சங்கு."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்போது இரண்டு சீட் முன்னால் துணிக்கடைச் சீருடையில் தூங்கிக்கொண்டு வந்த அக்கா ஒருவர், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எனக்கும் கப்பல்தாம்மா. ரெண்டு வருசமாச்சு. இன்னும் கரைக்கு வரல."

அதோடு எல்லாம் கைமீறிப் போயிற்று. நர்சிங் பெண் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டாள். துணிக்கடை அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். நடத்துநர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்து, "இன்னாம்மா, பஸ்ஸு குடை சாயுற மாதிரி சிரிச்சிக்கினு வரீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றார் துணிக்கடை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க நாலு பேருக்கும் ஒரே மாப்ள."

நடத்துநர் எங்கள் நான்கு பேரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். "பாவம்மா அந்த ஆளு," என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

அந்தச் சிரிப்போடு பஸ் நிலையத்தில் இறங்கினேன். எதிரே பூக்கார அக்கா கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் சபைக்காரர்தான். சர்க்கரை வியாதிக்காரர்; மாதா மாதம் என்னிடம்தான் மாத்திரை வாங்குவார். கொஞ்ச காலமாக வாங்க வரவில்லை. வலது கால் பாதத்தில் பழைய துணியைச் சுற்றியிருந்தார். துணியில் ஈரம் ஊறியிருந்தது.

"இன்னாக்கா இது?"

"முள்ளு குத்திச்சு பாப்பா. ஆறமாட்டுது."

"மாத்திரை சாப்புடறீங்களா இல்லையா?"

அவர் பூவைத் தொடுப்பதை நிறுத்தவில்லை. "தீர்க்கதரிசி ஐயா தலையில கை வெச்சு சொகமாச்சுன்னுட்டாரே. அதுக்கப்புறமும் மாத்தர போட்டா அது அவிசுவாசம்னாரு. நானும் மைக்ல சாட்சி சொல்லிட்டேன், சொகமாயிட்டேன்னு. இப்பப் போயி போட்டா நான் பொய்ச்சாட்சி ஆயிடுவன்ல?"

மருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு முழம் பூவை என் தலையில் வைத்து, "நீ நல்லா இருக்கணும்" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் சிரித்த சிரிப்பு வாயில் கசந்தது.

அன்று அம்மா அடுப்படியில் கருவாடு அலசிக்கொண்டிருந்தார். நான்கு பேருக்கு ஒரே மாப்பிள்ளை கதையைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். பூக்கார அக்கா காலைச் சொன்னதும் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"வேதத்துல ராஜாக்கள் புஸ்தகத்துல ஒரு கெழத் தீர்க்கதரிசி வருவாரு," என்றார். "தேவனுடைய மனுசன் ஒருத்தர், எங்கயும் சாப்புடக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாதுன்னு உத்தரவு வாங்கிக்கினு போய்க்கினு இருப்பாரு. இந்தக் கெழவரு ஓடிப்போயி, 'தூதன் எங்கிட்ட வந்து சொன்னாரு, நீ எங்க வூட்டுக்கு வந்து சாப்புடு'ன்னு கூப்புடுவாரு. அவரும் நம்பிப் போயி சாப்புடுவாரு. திரும்பற வழியில சிங்கம் அடிச்சுப் போட்டுடும்."

"யார? கெழவரையா?"

"அதான் இல்ல. பொய் சொன்ன கெழவருக்கு ஒண்ணும் ஆகல. நம்பனவரைத்தான் அடிச்சுது." அம்மா மறுபடி கருவாட்டை அலசத் தொடங்கினார். "சின்ன வயசுலருந்தே அந்த எடம் வந்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்."

மறுநாள் அம்மாவும் நானும் பாஸ்டரைப் பார்க்கப் போனோம். எங்கள் பாஸ்டர் சாது. குரல்கூட உயராது. அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரு வந்தா கூட்டம் வருதுங்க. வராதவங்கல்லாம் வராங்க," என்றார். "நியாயந்தீர்க்காதேன்னும் வேதத்துல இருக்கு இல்லீங்களா?"

"இருக்குது பாஸ்டர். மத்தேயு ஏழு. ஆட்டுத்தோலப் போத்திக்கினு வர ஓநாய்ங்களுக்கு எச்சரிக்கையா இருங்கன்னும் அதே ஏழுலதான் இருக்குது. மேல அது, கீழ இது. மேலயே நிறுத்திட்டா எப்படிங்க?"

பாஸ்டர் வேதாகமத்தை எடுத்து ஏழாம் அதிகாரத்தைப் புரட்டினார். அவருடைய மனைவி டீ கொண்டுவந்து வைத்தபோது அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

இதற்கிடையில் மலை வாத்தியார் தன் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். செய்தி எப்படியோ கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது. அத்தை போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்தார்.

"கடலுக்கு அந்தாண்டருந்து வரவன வுட்டுட்டு மலைக்கா குடுக்கப் போறீங்க?" என்றார் அத்தை. "ஞாயித்துக்கெழம சாயங்காலம் உங்க சபையில கூட்டம். ஐயா எங்க வூட்லதான் தங்கறாரு. அவரே வந்து சொல்லுவாரு. உங்க வூட்ல வேற ஏதாச்சும் பாரம் இருந்தா சொல்லு, ஜெபிக்கச் சொல்றேன்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். அவர் கண்ணில் ஒரு மினுக்கு வந்ததை நான் பார்த்தேன்.

"பாரமா? இருக்குது அண்ணி. கருப்பு மாடு ஒண்ணு, ரெண்டு தபா ஊசி போட்டும் செனை நிக்கல. எனக்கு அதே நெனப்பா இருக்குது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்," என்றார் அத்தை.

போன் வைத்ததும் நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "நம்ம வூட்ல ஏதும்மா மாடு?"

"நம்ம வூட்டு மாடுன்னு நான் சொன்னனா? நைனார்பாளையத்துல உங்க மாமா வூட்டு மாடு. என் தம்பி மாடு செனை நிக்கலன்னா எனக்குக் கவலை இல்லையா? எல்லா ஆவியையும் நம்பாதீங்க, சோதிச்சுப் பாருங்கன்னு யோவான் எழுதியிருக்காரு. சோதிச்சுப் பாக்கறேன்."

"அப்பாகிட்ட சொல்லிடலாமா?"

"உங்கப்பாவுக்கு நடிக்க வராது. வுடு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபை நிரம்பி வாசல்வரை ஆள் நின்றார்கள். தீர்க்கதரிசி வந்து, பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, நடு வழியில் நின்றார். கீபோர்டு வாசிக்கும் தம்பி மெல்லிய சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அம்மா ஒன்றும் தெரியாதவர் போல மடியில் வேதாகமத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"இந்தக் குடும்பங்களின் நடுவே ஒரு துக்கத்தைக் காண்கிறேன்," என்று தொடங்கினார். "வாயில்லாத ஜீவன் ஒன்றைக் காண்கிறேன். கருப்பு நிறம்! மலட்டுத்தனத்தின் கட்டு அதன்மேல் இருக்கிறது! அந்த வீட்டின் தகப்பன் எழுந்து நிற்கட்டும்." விரல் நேராக அப்பாவை நோக்கி நீண்டது.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சகோதரரே, உம்முடைய கருப்புப் பசு இந்த மாதத்திலேயே சினைப்படும். விசுவாசிக்கிறீரா?"

"விசுவாசிக்கிறேங்க," என்றார் அப்பா. பிறகு, பொய் சொல்லத் தெரியாதவராக, "ஆனா எங்க வூட்ல மாடே இல்லீங்களே ஐயா," என்றார்.

கீபோர்டு நின்றது.

தீர்க்கதரிசி கண்ணைத் திறக்கவில்லை. "நான் காண்கிறேன். கருப்பு நிறம்."

"இருந்துச்சுங்க. போன பொங்கலுக்கு முன்னாடியே வித்துட்டோம். அதுவும் செவலைங்க."

முன்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். தீர்க்கதரிசி கையை இன்னும் உயரத் தூக்கினார். "இது வரப்போகிற பசு!"

அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்: "வராத மாட்டுக்கு எப்படிங்க ஐயா செனை புடிக்கும்?"

கீபோர்டு தம்பி சிரிப்பை அடக்கப் பார்த்து அப்படியே கட்டைகள் மேல் கவிழ்ந்தான். பொய்ங்ங் என்று ஒரு சத்தம் தகரக் கூரையில் மோதியது. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஆண்கள் பக்கம் முழுக்க முதுகுகள் குலுங்கின. மலை வாத்தியார் நெற்றி பாயில் படும்படி குனிந்துவிட்டார். ஜெபிக்கிறாரோ என்று பார்த்தால் தோள் இரண்டும் துள்ளிக்கொண்டிருந்தன. எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

அப்போது அத்தை எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. கோபத்தில் முகம் சிவந்து, அம்மாவைப் பார்த்துக் கத்தினார். "இன்னாடி இது? கருப்பு மாடு செனை நிக்கலன்னு நீதான போன்ல எங்கிட்ட சொன்ன! அதத்தான நான் ஐயாகிட்ட..."

அந்த வார்த்தை அங்கேயே நின்றது. அத்தை தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒவ்வொருவரும் தங்களுக்குச் சொல்லப்பட்டதை மனசுக்குள் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

பாஸ்டர் எழுந்து வந்தார். தீர்க்கதரிசியின் கையிலிருந்த மைக்கை மரியாதையாக வாங்கிக்கொண்டார். "கொஞ்சம் உக்காருங்க ஐயா," என்றார். பிறகு சபையைப் பார்த்துப் பேசினார்.

"ஒருத்தர் கர்த்தர் பேரால சொன்னது நடக்கலன்னா அவருக்குப் பயப்படாதீங்கன்னு மோசே சொல்லியிருக்காரு. இந்த மைக்க நான்தான் குடுத்தேன். கேட்காம குடுத்தேன். பூக்கார அக்கா இருக்காங்களா?"

அக்கா பின்வரிசையில் கையைத் தூக்கினார்.

"அக்கா, லூக்கா ஒரு வைத்தியரு. பவுல் அவரக் கூடவே வெச்சிக்கினுதான் ஊழியம் பண்ணாரு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க. மாத்திரை போடுங்க."

"அப்ப நான் சொன்ன சாட்சி பாஸ்டர்?"

"அது என் தலை மேல இருக்கட்டும் அக்கா."

தீர்க்கதரிசி எழுந்தார். இது அவிசுவாசத்தின் கூடாரம், காலின் தூசியை உதறிவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேகமாக வாசலுக்குப் போனார். ஆனால் அன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி. வாசலில் மலைபோல் குவிந்துகிடந்த செருப்புகளுக்கு அடியில் வெள்ளைச் செருப்பில் ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்றைத் தேடிக்கொண்டு அவர் குனிந்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். அப்பாதான் எழுந்துபோய்க் கூடவே தேடி எடுத்துக் கொடுத்தார். "போய்ட்டு வாங்கய்யா," என்றும் சொன்னார்.

பூக்கார அக்கா கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தோம். ஒரு விரலோடு போயிற்று. அந்த விரல் போனதை அம்மாவால் தாங்க முடியவில்லை. இன்னும் முன்னாலேயே சோதித்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தீர்க்கதரிசி எங்கள் பக்கம் பிறகு வரவில்லை. வேறு மாவட்டத்தில் கூட்டம் நடத்துகிறார் என்று கேள்வி. அவரை இன்றும் நம்புகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அன்றைக்கு மாடு விஷயத்தில் பிசகிவிட்டது, மற்றதெல்லாம் உண்மை என்பார்கள்.

அத்தை போன் எடுக்கவில்லை. அம்மா ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். கதவைத் திறந்த அத்தை எங்களை உட்காரச் சொல்லவில்லை. அம்மா நின்றபடியே, "சபையில வெச்சு உங்கள தலைகுனிய வெச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க அண்ணி," என்றார்.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அவருக்கு உளவு சொல்லலடி," என்றார். "சாப்புடும்போது தன்மையா கேப்பாரு. இந்த வூட்ல எங்கிட்ட யாரு கேக்கறா? சொல்லுவேன். சாயங்காலம் அதையே தரிசனமா சொல்லும்போது எனக்கே மெய் சிலிர்க்கும். நான் வெச்ச கொழம்ப எனக்கே ஊத்தியிருக்கான், நானும் ருசின்னு சாப்ட்டிருக்கேன் பாரு." சொல்லிக்கொண்டு வரும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவில் எப்போது அழுகையாக மாறியது, எப்போது மறுபடி சிரிப்பானது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை.

அதிலிருந்து அத்தை வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். மலை வாத்தியார் பெற்றோரோடு வந்தபோது, தலைமை ஆசிரியைக் குரலில் அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிய பிறகு, "பையன் பாஸு" என்று அறிவித்தார். சபையில் அறுவடைப் பண்டிகை முடிந்த கையோடு எங்கள் கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்கு மறுவாரம் மலைக்குக் குடி போனோம். மூட்டை முடிச்சு நிறைய இருந்ததால் பஸ்ஸில் ஏறினோம். நான் அந்த மலைப்பாதையில் போனதே இல்லை. வளைவு வரும், வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். நான் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் கீழே சிறுத்துக்கொண்டே போன கரும்புக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாந்தி எடுத்தவர் அவர்தான்.

"பைக்ல வந்தா ஒண்ணும் ஆகாதுங்க," என்றார் ஜன்னலுக்கு வெளியே தலையை வைத்துக்கொண்டு. "பஸ்ல வந்தாதான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? மாத்திரை கொண்டாந்திருப்பேனே!"

"கட்டிக்கினு வர பொண்ணுகிட்ட மொதல்லயே இதச் சொல்லுவாங்களா?"

முன் சீட்டில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த மலைக்கார அம்மா ஒருவர் திரும்பி, ஒரு நாரத்தை இலையைக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டினார். "வாத்தியாருக்கு எப்பவும் இப்படித்தாம்மா," என்றார் என்னிடம். "எங்க புள்ளைங்க டவுனுக்குப் போவ பஸ் ஏறுனா, அதுங்கதான் இவரப் புடிச்சிக்கினு போவும்."

அவர் இலையை மோந்துகொண்டே என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார். வண்டி அடுத்த வளைவில் சாய்ந்தது. நான் அவர் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாக ஓட்டத் தொடங்கினார்.